விண்கலத்தில் சாகிறவர்களுக்குத் தமிழ் எழுதியவள்

இருபத்தெட்டு வருடங்கள் நான் செய்த வேலை இதுதான்: வேற்றுக்கிரகத்து ஜந்து ஒன்றிடம் மாட்டிக்கொண்டு சாகப்போகிறவர்கள் கடைசியாக என்ன சொல்வார்கள் என்று தமிழில் எழுதுவது. கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ. வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் பேசவைத்துத் தியேட்டர்களுக்கு அனுப்புவார்கள். காதல், சண்டை, கார் துரத்தல் எல்லாவற்றுக்கும் வசனம் எழுதியிருக்கிறேன். ஆனால் விண்கலமும் அதற்குள் நுழைந்த கொடூர ஜந்துவும் உள்ள படம் வந்தால், அது ஜெபமணி மேசைக்குத்தான் போகும். ஜெபமணி நான்தான்.

ஓய்வு பெற்று காஞ்சிபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் நிவேதா வந்தாள். ஸ்டுடியோவில் நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது அவள் உட்காருகிறாள். அங்கே நிலைமை மாறிவிட்டது. ஆங்கில வசனத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் அரை மணி நேரத்தில் முழுப் படத்துக்கும் தமிழ் வந்து விழுகிறதாம். அதைத் திருத்துவது நிவேதாவின் வேலை.

“தப்பே இல்லமா. இலக்கணம்லாம் கரெக்டா இருக்குது. ஆனா படம் பாத்தா யாருக்கும் பயம் வர மாட்டேங்குது. நீங்க எப்படி எழுதினீங்கன்னு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல எல்லாரும் படிக்கட்டும்” என்றாள்.

எழுதுகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய வேலைதான், அதனால் அடக்கம் காட்டப் போவதில்லை.

நான் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் பிறந்தவள். அப்பா ஊரார் நிலத்தில் கூலி வேலை பார்த்தார்; பிறகு டவுனில் கொத்தனாருக்குச் சிற்றாளாகப் போனார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஓட்டுவீட்டுக்குக் குடிவந்தோம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன். சர்ச்சுக்கு வரும் ஒருவர் சொல்லி ஸ்டுடியோவில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. செங்கல்பட்டு வழியாகப் போகிற காலை ரயில், அதே வழியாகத் திரும்புகிற சாயங்கால ரயில். மூன்று வருடங்கள் மற்றவர்கள் எழுதிய வசனங்களைத் தாளில் அடித்துக்கொடுத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வசனம் எழுதுகிறவளானது ஒரு திருட்டுத்தனத்தால். ஒரு படத்தில் சிப்பாய்கள் சுரங்கத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் ஜந்து வருகிறது. தலைவன் திரும்பித் திரும்பி “மூவ்! மூவ்!” என்று கத்துகிறான். எழுத்தாளர் “ஓடு! ஓடு!” என்று எழுதியிருந்தார். அர்த்தம் சரி. ஆனால் முந்தின நாள் எடிட்டிங் அறையில் எட்டிப்பார்த்தபோது அந்த முகத்தை நான் கவனித்திருந்தேன். உதடு இரண்டும் ஒட்டி, பிறகு குவிந்து திறந்தது. ‘ஓடு’ என்றால் உதடு ஒட்டாது. அடிக்கும்போது யாரையும் கேட்காமல் “போ! போ!” என்று மாற்றி அடித்துவிட்டேன்.

ரெக்கார்டிங் அன்று நாகபூஷணம் சார் கூப்பிட்டனுப்பினார். டப்பிங் முழுவதற்கும் பொறுப்பு அவர்தான். தெலுங்குக்காரர், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, மேசையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க். குரலை உயர்த்தியே பேச மாட்டார். அதனாலேயே அவர் கூப்பிட்டால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

“இத மாத்தினது யாரும்மா?”

“நான்தான் சார். தப்புதான் சார்.”

“எதுக்கு மாத்தினே?”

“உதடு ஒட்டுது சார். ஓடுன்னா ஒட்டாது.”

அவர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். “எழுதினவரக் கேக்காம மாத்தினது தப்பு. அவர்ட்ட போயி மன்னிப்பு கேட்டுட்டு வா. நாளையிலேர்ந்து டைப் மெஷின் பக்கம் போவாத. என்கூட உக்காந்து படம் பாரு.”

அவரிடம் கற்ற முறை இதுதான். வசனத் தாளைக் கையில் வாங்குவதற்கு முன்னால் படத்தைச் சத்தமே இல்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறிக்க வேண்டும். அங்கே ப, ம இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும். கீழுதட்டைப் பல் தொடுகிற இடத்தில் வ போடலாம். வாய் அகலமாகத் திறந்து நிற்கும் இடத்தில் ஆகாரம். இளிக்கிற மாதிரி விரிந்தால் ஈகாரம். மூச்சு வாங்குகிற இடத்துக்கு ஒரு கோடு. முகம் திரும்பியிருந்தாலோ ஹெல்மெட்டுக்குள் இருந்தாலோ நமக்கு விடுதலை. எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஜந்துவின் உறுமல் தனிச் சத்தமாக வெளிநாட்டிலிருந்தே வந்துவிடும், அதை நாங்கள் தொடுவதில்லை. மனிதர்களின் அலறலை மட்டும் இங்கே புதிதாகப் பதிவு செய்வோம். அலறலுக்கென்றே வந்துபோகிற ஒரு பெண் இருந்தாள். வேலை முடிந்ததும் கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிடுவாள்.

பதிவு முடிந்த பகுதியை சார் இரண்டு முறை சோதிப்பார். முதலில் சத்தத்தோடு படத்தைப் பார்ப்பார். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். பார்க்கும்போது வாய் இடித்தாலும் மறுபடி எழுத வேண்டும். கேட்கும்போது தமிழ் இடித்தாலும் மறுபடி எழுத வேண்டும். இரண்டிலும் தேறினால் “அடுத்த ரீல்” என்பார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பெரிய பெரிய டப்பிங் கலைஞர்கள் மைக்குக்கு முன்னால் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுத ஆரம்பித்த சில வருடங்களில் ஒரு புது வழக்கம் வந்தது. யாரோ ஒரு ஜந்து படத்துக்குச் சென்னை பாஷையில் கிண்டலாக வசனம் எழுத, அது ஓடிவிட்டது. உடனே விநியோகஸ்தர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். எங்களுக்கு நிறைய படம் கொடுக்கிற ஒரு விநியோகஸ்தர், தங்கப் பட்டை கைக்கடிகாரம் கட்டினவர், நேரே என்னிடமே சொன்னார்: “நம்ம ஜனத்துக்கு ராக்கெட்டு புரியாதும்மா. பயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சிரிக்க வையி.”

சிரிக்க வைத்தேன். மறைப்பானேன், அதிலும் கெட்டிக்காரியாகத்தான் இருந்தேன். ஒரு படத்தில், உடைந்துபோன விண்கலத்துக்குள் ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு போவாள். காற்றோட்டக் குழாய்களில் ஜந்து ஊர்கிற சத்தம் கேட்கும். அவளுக்கு நான் எழுதிய வசனம்: “டேய் கண்ணு, எங்கடா பூட்ட? அது உன்ன பஜ்ஜி போட்டுடும்டா!”

அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் சிவகாமியை அழைத்துக்கொண்டு மேட்னி ஷோ போனேன். சிவகாமியும் நானும் ஒரே வயது. அவள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் கணவர் உட்காருவார், ஒன்றில் அவள். அன்றைக்கு அமாவாசை, தறி ஓடாத நாள். தியேட்டர் நிரம்பி வழிந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கொட்டகையே அதிர்ந்தது. பஜ்ஜி வசனம் வந்தபோது விசில். நான் பூரித்துப்போய்ச் சிவகாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

இடைவேளையில் கேட்டாள்: “ஏன் ஜெபா, அவ புள்ளய தேடிக்கினு போறா. அதுல இன்னா சிரிப்பு?”

“படம்தான சிவா. ஜனம் சிரிக்குது பாரு.”

“நா ஒரு தபா கருட சேவைல எங்க பாபுவ தொலச்சேனே, ஞாபகம் இருக்குதா? காலைலேர்ந்து மத்தியானம் வரிக்கும் தேடினேன். அப்ப நா இப்படியா பேசினேன்?”

“இன்னா பேசினே?”

“பேச வர்லியே. அவன் பேரே வர்ல எனக்கு. ‘பச்ச சொக்கா, பச்ச சொக்கா’ன்னு சொல்லிக்கினே ஓடினேன். எதுக்க வந்தவங்க எல்லாம் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. முறுக்கு தின்றுகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் இடைவேளைக்குப் பிறகு உட்கார முடியவில்லை. அந்தத் தாயின் முகத்தைச் சத்தமில்லாமல் நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நடித்தவள் உயிரைக் கொடுத்து நடித்திருந்தாள். அவள் வாயில் பஜ்ஜியைத் திணித்தவள் நான்.

திங்கட்கிழமை சாரிடம் போய், இனிமேல் கிண்டல் வசனம் எழுத முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். சிவகாமி சொன்னதைச் சொன்னேன்.

“பச்ச சொக்கா” என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப்பார்த்தார். “சரிம்மா. அடுத்த ஜந்து படம் நீ நெனச்ச மாதிரி எழுது. விநியோகஸ்தர்ட்ட நான் பேசிக்கறேன்.”

பேசினார். விநியோகஸ்தர் எங்கள் இரண்டு பேர் முன்னாலேயே கடிகாரத்தைத் திருகிக்கொண்டு சொன்னார்: “உங்க இஷ்டம் சார். ஆனா தியேட்டர்ல ஜனம் எழுந்து போச்சுன்னா, அடுத்த படம் வேற ஸ்டுடியோவுக்குப் போவும். இந்தம்மா வேற வேல தேடிக்க வேண்டியதுதான்.” சார் அதற்கும் தலையசைத்தார். என் வேலையோடு தன் பெயரையும் பணயம் வைத்துவிட்டார் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

வந்த படம் இது. ஏதோ ஒரு கிரகத்தின் நிலவு, முழுக்கப் பனிக்கட்டி. அதன் அடியில் ஏழு பேர் தங்கி வேலை செய்கிறார்கள். பனியை உருக்கிக் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஜந்து இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி. குடித்தவனுக்கு முதலில் தாகம் நின்றுபோகும். மூன்றாம் நாள் உடம்பு மட்டும்தான் அவனுடையது, உள்ளே இருப்பது வேறு. எம்மா என்கிற பெண் இன்ஜினியர். அவளுடன் பிறந்தவனும் அந்த ஏழு பேரில் ஒருவன். அவனும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டான், உள்ளே பாதிதான் இன்னும் அவன். கடைசியில் அவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், இவள் இந்தப் பக்கம். உள்ளே விட்டால் எல்லோரும் செத்தார்கள். கதவைத் திறக்கும் விசையில் அவள் கை இருக்கிறது.

கண்ணாடி முழுக்கப் பனிப்புகை மூடியிருக்கும். அவன் வெகுநேரம் பேசுவான். வாய் தெரியாது, அதனால் அந்த இடங்கள் எளிதாக வந்துவிட்டன. பிறகு உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைப்பான். திரை முழுக்க அவன் முகம். அப்போது மூன்றே சொல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு: “இட்ஸ்… நாட்… மீ.”

‘இது நான் இல்லை.’ அர்த்தம் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கடைசிச் சொல்லில் உதடு ஒட்டி, பிறகு அகலமாக விரிந்து, அப்படியே நின்றுவிடும். ஐந்து விநாடி அதே முகம். ‘நான் இல்லை’ என்று போட்டால் உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டாத சொல், கொட்டகை சிரித்துவிடும். அந்த ஒரு இடத்தில் சிரித்தால் படம் போயிற்று. சார் எனக்கு மூன்று நாள் கொடுத்தார்.

முதல் நாள் முழுவதும் வீண். ‘இல்லைமா’, ‘நம்பாதே’, ‘நானில்லம்மி’ என்றெல்லாம் கிறுக்கிக் கிழித்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் வாய் போகிற போக்கைப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் காலை, வாலாஜாபாத் தாண்டும்போது வந்தது: தம்பி. ம்-ப்-இ. உதடு ஒட்டும், விரியும், நிற்கும். “இது… இல்ல… உன் தம்பி.” மாற்றிப் போட்ட வாக்கியம்தான். ஆனால் மூச்சு முட்டுகிறவன் வார்த்தையை வரிசையிலா அடுக்குவான்?

துள்ளிக்கொண்டு போய் சாரிடம் காட்டினேன். அவர் சந்தோஷப்படவில்லை.

“தம்பின்னு யாரு சொன்னா? இங்கிலீஷ் தாள்ல பிரதர்னுதான் இருக்குது. அண்ணனா இருந்தா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. ஆங்கிலம் மூத்தவனையும் இளையவனையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டுப் போய்விடுகிறது. தமிழில் அது முடியாது. அண்ணனைக் கதவுக்கு வெளியே விடுகிறவள் ஒருத்தி. தம்பியை விடுகிறவள் வேறொருத்தி. அழுகைகூட ஒன்றாக இருக்காது.

“உதட்டுக்காக நீ தம்பி ஆக்கினியா, இல்ல அவன் தம்பிதானா? அத சொல்லு மொதல்ல” என்றார் சார். “உதட்டுக்காக உறவ மாத்தினா, அந்தப் பஜ்ஜிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லம்மா.”

நடிகர்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அன்று முழுக்கப் படத்தை முதலிலிருந்து சத்தமில்லாமல் பார்த்தேன். இந்த முறை வாய்களைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவரையும் மட்டும் பார்த்தேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாரை அழைத்துவந்து இரண்டாவது ரீலைப் போட்டுக்காட்டினேன். ஏழு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். அவன் எம்மாவின் தட்டிலிருந்து கேட்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான்.

“அண்ணனும்தான் எடுத்துத் தின்னுவான்” என்றார் சார்.

“அண்ணன் எடுத்தா ஒரு பார்வ பாப்பா சார். இங்க பாருங்க, அவ திரும்பவே இல்ல. வேற யார்கிட்டயோ பேசிக்கினே தட்ட அவன் பக்கம் தள்றா. கை தானா தள்ளுது சார். சின்ன வயசுலேர்ந்து தள்ளித் தள்ளிப் பழகின கை.”

அவர் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறையும் போடச் சொன்னார். பிறகு ஐந்தாவது ரீலையும் காட்டினேன். ஏணியில் அவள் ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப்பார்த்துவிட்டு, அதன் பிறகே அவனுக்குக் கையசைப்பாள்.

“தம்பிதான்” என்றார் சார்.

ரெக்கார்டிங்குக்கு வந்தவர் வழக்கமாகக் கோமாளிக் குரல் கொடுக்கிற கஜேந்திரன். கிண்டல் படங்களில் அவருக்குத்தான் கைதட்டல். பெரிய மீசை, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இன்னாக்கா, ஜோக்கே காணோம்?”

“இதுல ஜோக்கு இல்ல கஜா. உங்க அக்காவ நெனச்சிக்கினு பேசு.”

“எங்க அக்காதான் என்ன வளத்துது” என்றார். போய் மைக்குக்கு முன்னால் நின்றார்.

புகைக்குப் பின்னால் உள்ள வசனங்களை ஒரே தடவையில் முடித்தார். நான் எழுதியிருந்த வாக்கியங்களே எல்லாம் அரைகுறைதான்; சிவகாமி சொன்னதைக் கேட்ட பிறகு, பயந்தவர்களுக்கு முழு வாக்கியம் எழுதுவதை விட்டுவிட்டேன். கடைசி இடம் வந்தது. அவன் கண்ணாடியைத் துடைக்கிறான். கஜேந்திரன் மூச்சை இழுத்து, “இது… இல்ல… உன் தம்பி” என்றார். உதடு கச்சிதமாக ஒட்டியது, விரிந்தது, நின்றது.

சார் முதல் சோதனை செய்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். முடிந்தது. நாங்கள் காத்திருந்தோம். அவர் திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். கஜேந்திரன் மைக் அறையிலிருந்து, “சார், ஒன் மோர் போலாமா?” என்று கேட்டார்.

“வேணாம்” என்றார் சார், அப்போதும் திரும்பாமல். கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த ரீல்.”

படம் எங்கள் ஊருக்கு வந்தபோது, அமாவாசை மேட்னிக்குத்தான் கொட்டகை நிரம்பியது. சிவகாமியோடு போயிருந்தேன். முதல் பத்து நிமிடம் எனக்கு நரக வேதனை. கிண்டலை எதிர்பார்த்து வந்த கூட்டம். ஒருத்தர் பேசினால் சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்வரிசையில் யாரோ, “இன்னாபா, டயலாக்கே ஒண்ணும் காணோம்” என்றார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். விநியோகஸ்தரின் கடிகாரம் என் கண்ணுக்குள் வந்துபோனது. பிறகு, முதலில் தண்ணீர் குடித்தவனுக்குத் தாகம் நின்றுபோன இடத்தில், கொட்டகை மெதுவாக அடங்கியது. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அதைத் தொடவில்லை.

கதவு இடம் வந்தது. விசையில் எம்மாவின் கை. “தொற, தொற!” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். உடனே பின்னாலிருந்து ஒரு பெண், “தொறக்காதம்மா, அது அவன் இல்லம்மா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கொட்டகை இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டது. அவன் கண்ணாடியைத் துடைத்தான்.

“இது… இல்ல… உன் தம்பி.”

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதை நான் கேட்டேன். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் தெரிந்தது. எம்மா விசையிலிருந்து கையை எடுத்தபோது சிவகாமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். தறியில் உட்காருகிறவள் பிடி. வீடு வரும்வரை வலித்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப பாவம்பா அவ” என்றாள். அவள் எம்மாவைச் சொன்னாள். வசனம் எழுதினது நான் என்பதையே அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான்.

விநியோகஸ்தர் நேரில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அடுத்த ஜந்து படத்தை அனுப்பும்போது சீட்டில் ஒரு வரி இருந்தது: ‘அந்தம்மாவே எழுதட்டும்.’ அதற்குப் பிறகு எத்தனையோ ஜந்துக்கள் வந்தன. பல்லோடு வந்தன, பல்லில்லாமல் வந்தன, பூசணமாக வந்தன, வெறும் வெளிச்சமாகக்கூட வந்தன. நான் ஜந்துவைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அதனிடம் மாட்டிக்கொள்கிறவர் யாருக்கு அக்கா, யாருக்கு மாமா, யாரை வாடா போடா என்று பேசுவார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். நாகபூஷணம் சார் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகும் நான் நாற்காலியைத் திருப்பிப்போட்டுத்தான் கேட்டேன்.

இந்தக் கட்டுரை முடிந்துவிட்டதா என்று பார்க்க நேற்று நிவேதா வந்தாள். லேப்டாப்பும் கொண்டுவந்திருந்தாள். புதுப் படம் ஒன்றில் சந்தேகமாம். ஒரு விண்கலத்தின் கேப்டனை ஜந்து கொன்றுவிடுகிறது. பிறகு இருட்டான நடைபாதையிலிருந்து, செத்த கேப்டனின் குரலிலேயே ஒரு இளம்பெண்ணைக் கூப்பிடுகிறது. மூன்று முறை, மூன்று முறையும் அதே ஆங்கிலம்: “கம் ஹியர்.” மெஷின் மூன்று முறையும் ‘இங்கே வாருங்கள்’ என்று போட்டிருந்தது.

“ஜந்துவுக்கு இன்னா மரியாத? மூணையும் ‘வா’ன்னு மாத்து” என்றேன்.

“இல்லமா” என்றாள் நிவேதா. “கேப்டன் படம் முழுக்க எல்லாரையும் மரியாதையா பேசற ஆளு. இது அவர மாதிரி நடிக்குது. ‘வாங்க’ன்னு கூப்பிட்டாத்தான அந்தப் பொண்ணு நம்பும்?”

அவள் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொண்டேன். ஆனாலும் ஏதோ குறைந்தது. பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு பேரும் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் திரும்பத் திரும்பப் பார்த்தோம். முதல் முறை கூப்பிடும்போது அந்தப் பெண் ஓரடி முன்னால் வைக்கிறாள். இரண்டாவது முறை இன்னொரு அடி. மூன்றாவது முறை வைக்க எடுத்த காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். கூப்பிடுகிற வார்த்தை ஒன்றுதான். அவள் மட்டும் ஏன் நிற்கிறாள்?

“அதுக்குப் பொறுமை போயிடுச்சும்மா” என்றாள் நிவேதா. “மூணாவது தடவ நடிக்க மறந்துடுச்சு.”

நான் பென்சிலை எடுத்தேன். அவளும் அதே நேரத்தில் கீபோர்டில் கை வைத்தாள். ஒன்றைத்தான் இருவரும் நினைத்தோம். அடித்து முடித்து, படத்தை ஓடவிட்டு, அவளே வாய்விட்டுப் படித்தாள்.

“இங்க வாங்க.”

அந்தப் பெண் ஓரடி வைத்தாள்.

“பயப்படாதீங்க, வாங்க.”

இன்னொரு அடி.

“வா.”

திரையில் கால் பின்னால் போனது. நிவேதா லேப்டாப்பைப் பாதி மூடினாள். எழுந்துபோய் என் வீட்டு வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. தெருவெல்லாம் நல்ல வெயில்.